காணாமல் போன பந்தும் சிவப்புக் கம்பும்: கோல்ஃப் விதி நாட்குறிப்பு

ஜூன் 3, 2025

கோல்ஃபில் காணாமல் போன பந்தைத் தேடும் நேரம் மூன்று நிமிடம். 2018 வரை ஐந்தாக இருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு இன்னும் அந்த ஐந்துதான் மனதில் நிற்கிறது. பந்து புதருக்குள் விழுந்ததுமே கடிகாரம் ஓடாது. அடித்தவரோ அவருடைய கேடியோ (பை சுமக்கும் உதவியாளர்) தேடத் தொடங்கிய கணத்திலிருந்து ஓடும். கேடி முன்னால் போய்ப் புல்லை விலக்க ஆரம்பித்துவிட்டால், பின்னால் ஆடி அசைந்து வருகிறவருக்கும் நேரம் கரைகிறது.

தேடும்போது கால் பட்டுப் பந்து நகர்ந்தால் பெனால்டி இல்லை. இருந்த இடத்தில் திரும்ப வைத்தால் போதும். அதனால் பூனை நடை நடக்க வேண்டியதில்லை, காலால் நன்றாகத் துழாவலாம். மூன்று நிமிடம் தாண்டிக் கிடைத்த பந்து கண் முன்னால் இருந்தாலும் காணாமல் போனதுதான். அதை அடித்தால் தவறான பந்தை அடித்த கணக்கு. ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி, அதாவது கணக்கில் இரண்டு அடி கூடும். அடுத்த ஹோலின் டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) அடிப்பதற்குள் திருத்திக்கொள்ளாவிட்டால் தகுதி நீக்கம்.

ஜூன் 5

காணாமல் போனால் வழி ஒன்றுதான்: ஒரு ஸ்ட்ரோக் பெனால்டியோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். டீ ஷாட் என்றால் அடுத்து அடிப்பது மூன்றாவது. இருநூறு மீட்டர் திரும்பி நடப்பதைத் தவிர்க்கத்தான் ப்ரொவிஷனல் பந்து: முதல் பந்து கிடைக்காமல் போனால் பயன்பட, முன்கூட்டியே அடித்துவைக்கும் பந்து.

“எதற்கும் இன்னொன்று அடித்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு அடிப்பவர்கள்தான் அதிகம். அது போதாது. ‘ப்ரொவிஷனல்’ என்ற சொல் வரவேண்டும், அல்லது அதே பொருள் ஐயமில்லாமல் தெரியவேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டாவது பந்தே ஆட்டப் பந்து. முதல் பந்து ஃபேர்வே (ஒட்ட வெட்டிய ஆட்டப் பாதை) நடுவில் கிடந்தாலும் அதன் கதை முடிந்தது.

சரியாக அறிவித்து அடித்திருந்தால், முதல் பந்து எல்லைக்குள் மூன்று நிமிடத்தில் கிடைத்ததும் ப்ரொவிஷனலைக் கைவிட்டே ஆகவேண்டும். ப்ரொவிஷனல் கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறது, முதல் பந்தோ முள்ளுக்குள் கிடக்கிறது என்பதற்காக நமக்கு வசதியானதை எடுத்துக்கொள்ள முடியாது.

ஜூன் 8

குளத்தை ஒட்டி உயரமான ரஃப் (வளரவிட்ட புல்). பந்து அந்தப் பக்கம் போனது, கிடைக்கவில்லை. “தண்ணீரில்தான் விழுந்திருக்கும்” என்று கரையில் டிராப் செய்துவிடுகிறார்கள், அதாவது வேறொரு பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு ஆடுகிறார்கள். பெனால்டி ஏரியா (கம்பால் குறித்த குளம் போன்ற பகுதி) நிவாரணத்துக்கு, அதாவது ஒரு ஸ்ட்ரோக் பெனால்டியோடு வெளியே டிராப் செய்வதற்கு, பந்து உள்ளே இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது குறைந்தது 95 சதவீதம் உறுதியாக இருக்கவேண்டும். சுற்றிலும் ஒட்ட வெட்டிய புல், வெளியே எங்கும் பந்து இல்லை என்றால் அந்த உறுதி வந்துவிடும். முழங்கால் உயரப் புல் என்றால் வராது. அப்போது அது காணாமல் போன பந்து. டீக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இப்படி இரண்டுங்கெட்டான் இடத்தில் பந்து போனால் ப்ரொவிஷனல் அடிக்கலாம். குளத்தைத் தவிர வேறெங்கும் தொலைய வழியே இல்லை என்றால் மட்டும் கூடாது.

ஜூன் 9

பெனால்டி ஏரியாவைக் குறிக்கும் கம்பு மஞ்சளா சிவப்பா என்பது எங்கே வலிக்கும் என்றால், பந்து குளத்தைத் தாண்டி எதிர்க்கரையில் விழுந்து பின்னால் உருண்டு நீரில் இறங்கும்போது. கடைசியாக எல்லையைக் கடந்த புள்ளி கிரீன் (குழி இருக்கும் புல்தளம்) பக்கம் இருக்கிறது. சிவப்பானால், ஒரு ஸ்ட்ரோக் பெனால்டியோடு அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு கிளப் (ஆட்டக் கோல்) நீளத்துக்குள், குழிக்கு அருகே போகாமல், டிராப் செய்யலாம். மஞ்சளுக்கு அது கிடையாது. குழியையும் அந்தப் புள்ளியையும் இணைக்கும் கோட்டில் பின்னால் வரவேண்டும். பின்னால் இருப்பதோ குளம். ஆக மறுபடி குளத்துக்கு இந்தப் பக்கம்தான். அல்லது முன்பு அடித்த இடம்.

எல்லை என்பது நீரின் விளிம்பு அல்ல, கம்பு அல்லது கோடு. பந்தின் ஒரு ஓரம் கோட்டைத் தொட்டாலும் உள்ளே என்றே பொருள். பெனால்டி இல்லாமல் கிடந்தபடியே அடிக்கவும் செய்யலாம். 2019 முதல் கிளப்பைத் தரையில் ஊன்றவும் தடையில்லை.

ஜூன் 13

டிராப் முழங்கால் உயரத்திலிருந்து. கிளப் நீளத்துக்கு அளவுகோல், பையில் இருப்பதில் நீளமான கிளப், பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) தவிர. பெரும்பாலும் டிரைவர் (தொலைவுக்கு அடிக்கும் கிளப்), ஏறக்குறைய 45 அங்குலம்.

2013 மாஸ்டர்ஸ் போட்டி, இரண்டாம் சுற்று, 15ஆம் ஹோல். டைகர் வுட்ஸ் அடித்த பந்து கொடிக்கம்பில் மோதித் தெறித்துக் குளத்தில் விழுந்தது. முன்பு அடித்த இடத்துக்கே போனவர், இரண்டு கெஜம் பின்னால் டிராப் செய்தார். இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி. 6 என்றிருந்தது 8 ஆனது. முன்பு அடித்த இடத்துக்குப் போகிற வழியையும் கோட்டில் பின்னால் போகிற வழியையும் குழைத்ததுதான் பிழை. இன்றைய விதியில் ஒரு கிளப் நீளம் சலுகை உண்டு. ஆனால் இரண்டு கெஜம் 72 அங்குலம், இன்றும் தப்பியிருக்காது.

2019 பிப்ரவரி, ஃபீனிக்ஸ் ஓபன் போட்டி. கரையில் ஆட்டக்காரர் ரிக்கி ஃபௌலர் ஆட்டத்தில் வைத்த பந்து, அவர் கிரீனைப் பார்க்கப் போயிருந்தபோது தானாக உருண்டு தண்ணீருக்குள் போனது. அன்றைய விதிப்படி இன்னொரு ஸ்ட்ரோக். கேட்கவே அநியாயமாக இருந்தது. 2023இல் மாற்றிவிட்டார்கள்: டிராப் செய்தோ வைத்தோ நின்ற பந்து இப்படிப் பெனால்டி ஏரியாவுக்குள் உருண்டால், பெனால்டி இல்லாமல் திரும்ப வைக்க வேண்டும்.

ஜூன் 14

கிளப் ஆட்டங்களில் ஒரு உள்ளூர் விதி இருக்கக்கூடும்: காணாமல் போன பந்துக்கு டீக்குத் திரும்பாமல், இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டியோடு ஃபேர்வே ஓரத்தில் டிராப். ஸ்கோர் கார்டில் இருக்கிறதா என்று முதல் டீயிலேயே பார்த்துவிட வேண்டும். ப்ரொவிஷனல் அடித்திருந்தால் இது கிடையாது. பந்து பெனால்டி ஏரியாவில் இருப்பது உறுதி என்றாலும் கிடையாது.