ஜெர்மனில விட்டன்பர்க் போறவங்க சர்ச் கதவோட நின்னுடாதீங்க
பெர்லின்ல இருந்து வேக ரயில்ல போனா முக்கால் மணி நேரம் கூட ஆகாது, ஆனா கடைசி நேர டிக்கெட் விலையைப் பார்த்துட்டு லோக்கல் ரயில்லயே ஏறினோம், அது நடுவுல எங்கயோ நின்னுடுச்சு, ஏன்னு ஜெர்மன்ல மட்டும் சொன்னாங்க. பசியோட இறங்கி ஒரு ஹோட்டல்ல தண்ணி கேட்டா கேஸ் தண்ணியை வச்சு 5 யூரோ தீட்டிட்டாங்க, பீர் அதைவிட மலிவு!

கோட்டை சர்ச் கதவுல ஒரே செல்ஃபி கூட்டம். கத்தோலிக்க சபையை எதிர்த்து புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கின லூத்தர் 1517ல 95 வாதங்களை ஒட்டினதா சொல்ற மரக்கதவு 1760லயே எரிஞ்சு போச்சுங்க, இப்ப இருக்கறது 1858ல வச்ச வெண்கலக் கதவு. இதுக்கா இவ்ளோ தள்ளுமுள்ளு?

பக்கத்துலயே லூத்தர் தோட்டம், டிக்கெட் கிடையாது, கூட்டமும் இல்ல. சீர்திருத்தத்தோட 500ஆவது வருஷத்துக்காக 500 மரம்னு திட்டம் போட்டு 2009ல நட ஆரம்பிச்சாங்க. இங்க மரம் வைக்கற ஒவ்வொரு கிறிஸ்தவ சபையும் தன் ஊர்லயும் ஒண்ணு நடணும். கத்தோலிக்கங்க பேர்லயும் ஒரு மரம் நிக்குது, லூத்தர் பார்த்தா என்ன சொல்வாரோ!

மரம் நட்டு போட்டோ எடுத்தா ஆச்சான்னு கூட வந்த நண்பன் நக்கலடிச்சான். கேள்வி நியாயம்தான், ஆனா இந்த ஊர் சர்ச்சோட சுற்றுச்சூழல் கதை அதுக்கும் முன்னாடியே இருக்கு. கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த கிழக்கு ஜெர்மனி காலத்துல பக்கத்து பிட்டர்ஃபெல்ட் பூரா கெமிக்கல் புகை, அரசு 1982ல மாசு பத்தின தகவலையெல்லாம் ரகசியமாக்கிடுச்சு. விட்டன்பர்க்ல சர்ச் நடத்தின ஆராய்ச்சி இல்லம்தான் இதையெல்லாம் எழுதிப் பரப்புச்சு. சபைக்குள்ள படிக்க மட்டும்னு போட்டா அரசு அனுமதி இல்லாமலே அச்சடிக்க ஒரு சந்து இருந்துச்சு, அதுல புகுந்துட்டாங்க! ஆனா கிழக்கு பெர்லின் சியோன் சர்ச்ல இளைஞர்கள் நடத்தின சுற்றுச்சூழல் நூலகத்துல 1987 நவம்பர்ல ராத்திரியோட ராத்திரியா ரகசிய போலீஸ் புகுந்து பிரிண்ட் மெஷினைத் தூக்கிட்டுப் போச்சு, ஆளுங்களையும் பிடிச்சாங்க, சர்ச்ல மெழுகுவத்தியோட ஜனம் கூடினதும் சில நாள்லயே விட வேண்டியதாச்சு. கதவை விட இதுக்குத்தான் பெரிய போர்டு வைக்கணும்.

சர்ச் இப்பவும் சும்மா இல்ல. 2022ல ஜெர்மன் புராட்டஸ்டண்ட் சபைகளோட மாமன்றம், சுற்றுச்சூழலுக்காக, சபை வேலையா கார்ல போனா ஹைவேல மணிக்கு 100 கிமீ, ஊருக்கு வெளிய இருக்கற சாதா ரோட்டுல 80க்கு மேல போகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. வேக வரம்பே இல்லாத ஹைவே வச்சிருக்கற நாட்டுல! திரும்பி வரும்போது எங்களுக்கு கார் கொடுத்த புண்ணியவான் 170ல பறந்தாரு, பெட்ரோல் பாதி எங்க தலைல.