நாலரையிலிருந்து எட்டரை வரை

திருப்பூரில் குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்கு வந்து ஒன்பது வருசம் ஆகிறது. வந்த புதிதில், தெருவில் திரியும் பிள்ளை என்றாலே அப்பா அம்மா இல்லாத பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ரயில்வே ஸ்டேஷனிலும் பழைய பஸ் ஸ்டாண்டிலும் நான் பார்த்தவர்களில் நிறையப் பேருக்கு அம்மா இருக்கிறார், சிலருக்கு அப்பாவும் இருக்கிறார். அவர்கள் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். பள்ளிக்கூடமோ நாலு மணி சொச்சத்துக்கே விட்டுவிடும்.

இடையில் இருக்கும் அந்த நாலு மணி நேரத்தைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும் என்று புரிய ஆறு வருசம் பிடித்தது. புரிய வைத்தவன் பத்து வயதுப் பையன்.

2022 மழைக்காலம். ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டேஷன் வாசல் டீ மாஸ்டர், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்திருந்தார். போய்ப் பார்த்தால், சாக்குப் பையில் தண்ணீர் பாட்டிலும் பனியன் துணிக் கட்டிங் வேஸ்ட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பெயர் கேட்டால் பதில் இல்லை. டீ கிளாஸை வாங்க நீட்டிய கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காய்த்துப் போயிருந்தது. பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறவர்களுக்கு அப்படித்தான் காய்க்கும். சரி, இவன் குப்பை மட்டும் பொறுக்கவில்லை என்று தெரிந்தது.

சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தினோம். அவனுடைய அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு அழுதுகொண்டே வந்தார், தனியாள், தர்மபுரி பக்கம். அம்மாவோடு அனுப்ப உத்தரவு ஆனது. அப்புறம் பள்ளி. ஊரிலிருந்து டி.சி. வாங்கி வரவில்லை. அது இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது என்று பேசி, ஐந்தாம் வகுப்பில் சேர்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கவே வராது அவனுக்கு. அதற்குத் தனிப் பயிற்சியும் ஏற்பாடாயிற்று. ஃபைலை மூடிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டேன். அது என் தவறு.

மூன்றாவது வாரம் அதே இடத்தில் அதே சாக்குப் பையோடு உட்கார்ந்திருந்தான். எனக்கு வந்த கோபத்தில், "ஏண்டா ஸ்கூலுக்குப் போகல?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"போயிட்டுத்தாங்க்கா வந்தேன். வீடு பூட்டியிருக்குது."

மறுநாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு நாள்கூட விடவில்லை. சின்னப் பிள்ளை தனியாக இருந்து கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துவிடுவானோ என்ற பயத்தில் அம்மா சாவியைக் கையோடு கம்பெனிக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூட்டிய கதவின் முன்னால் ஒரு பிள்ளை எத்தனை நேரம் உட்காருவான்? தெருவுக்கு வருவான், தெருவில் வேலை கொடுக்க ஆள் இருக்கிறது.

அந்த லைன் வீட்டுக் காம்பவுண்டின் முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஆத்தாவிடம் போய்க் கேட்டேன். "சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போகச் சொல்லு கண்ணு, நான் எங்க போகப் போறேன்" என்றார். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் போக அம்மா ஒத்துக்கொண்டார். அதே காம்பவுண்டில் ஒரு கல்லூரித் தங்கச்சி 'இல்லம் தேடிக் கல்வி'யில் மாலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தைக் கொரோனாவில் விட்டுப்போன படிப்புக்கானது என்பார்கள். எனக்கு அது, ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் ஒரு பெரியவர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் இடம். அரசு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தரும் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கும் விண்ணப்பித்தோம். அது வர ஆரம்பித்ததும் அம்மா வாரத்தில் மூன்று நாள் அந்த அரை ஷிப்டை விட்டார், சூப்பர்வைசரிடம் சண்டை போட்டுத்தான்.

ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருக்கும் காம்பவுண்டுகளில் இது இன்னும் கடினம். நம்பி ஒரு சாவியைக் கொடுக்கவே பாஷை வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தெருவில் பிள்ளையைப் பார்த்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம், அந்தப் படம் அவன் படிக்கும் வகுப்புக்கும் போய்ச் சேரும். 1098-க்குக் கூப்பிட்டுவிட்டு, யாராவது வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள். அந்த டீ மாஸ்டர் நின்றார்.

போன மாதம் ஆத்தா கடைக்குப் போயிருந்தேன். கல்லாப் பெட்டிக்கு மேலே ஆணியில் ஏழு சாவிகள் தொங்கின. எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் ஒரு கலர் பனியன் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார். அவனுடையது மஞ்சள்.