புகார் கொடுத்த சென்சாரையே கழற்றிய கதை

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தபோது வண்டி ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. விளக்கு சிமிட்டியிருந்தால் அங்கேயே ஓரங்கட்டியிருப்பேன். சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்; எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். இது நிலையாக எரிந்ததால் வீடு வந்து சேர்ந்தேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு பார்க்கும் இணைப்பு) ஸ்கேனரைச் செருகிப் போனில் பார்த்தால் பி0171 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அதைக் கண்டு சொல்வது ஆக்ஸிஜன் சென்சார்தானே, அதுதான் பழுது என்று நானே தீர்ப்பு எழுதி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். பழையது இறுகிப் போயிருந்ததால் கழற்றவே ஒரு மதியம் ஆனது. குறியீட்டை அழித்தேன். நான்காம் நாள் அதே விளக்கு, அதே கோடு. புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே போட்டிருக்கிறேன்!

இந்த முறை எதையும் அழிக்காமல் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்த்தேன். கோடு பதிவான நொடியின் நிலவரம் அதில் இருக்கும். எஞ்சின் சூடு, வேகம் பூஜ்யம், 780 ஆர்பிஎம். ஆக, வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடியபடி நின்றபோது வந்த கோளாறு. அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு ஃப்யூவல் ட்ரிம்மைக் கவனித்தேன். பெட்ரோல் அளவை எஞ்சின் கணினி எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் அது; உடனுக்குடன் செய்யும் திருத்தம் ஷார்ட் டேர்ம், நாள்பட்டுப் பழகிய திருத்தம் லாங் டேர்ம். ஐடிலில் லாங் டேர்ம் +21 சதவீதம், ஷார்ட் டேர்ம் +4. அதாவது எஞ்சின் கணினி கால் பங்கு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் இரண்டும் சேர்த்து +7தான்.

இங்கேதான் விஷயம் பிடிபட்டது. பெட்ரோல் பம்ப் பலவீனமானால் லோடு ஏற ஏறத்தான் பற்றாக்குறை கூடும். இங்கே தலைகீழ். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சின்ன ஓட்டை வழியாக நுழைவதும் பெரிய பங்காகிவிடும். என் வண்டியில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உண்டு; அதைத் தாண்டி உள்ளே வரும் காற்று அதன் கணக்கில் வராது.

பானெட்டைத் திறந்து காதைத் தீட்டினேன். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் மெலிதாக ‘உஸ்’ என்று ஒரு சத்தம். சிலர் எளிதில் தீப்பற்றும் கார்புரேட்டர் கிளீனரை அடித்து ஓட்டையைத் தேடுவார்கள். சூடான எஞ்சினில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஒவ்வொரு ஹோஸாகத் தடவிக்கொண்டே போனதில், பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) வளைவின் அடிப்பக்கம் விரலில் ஒரு வெடிப்பு தட்டியது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கட்டைவிரலால் அதை அழுத்தி மூடியதும் சத்தம் நின்றது. போனில் ஷார்ட் டேர்ம் சட்டென்று மைனஸில் இறங்கியது; கூடுதல் பெட்ரோல் இனி வேண்டாம் என்று கணினி குறைக்கிறது.

ஹோஸ் மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சில நாள் ஓடியபின் லாங் டேர்ம் +3க்கு வந்து நின்றது. கழற்றிய ஆக்ஸிஜன் சென்சார் டிக்கியில் கிடக்கிறது. நல்ல சென்சார்.