வயர்லெஸ் ஹெட்செட்டின் உள்ளே: எதை எங்கே வைப்பது?

வாடிக்கையாளர் சேவை மையங்களில் பணிபுரிவோர் நாள் முழுதும் அணிந்திருக்கத்தக்க ப்ளூடூத் ஹெட்செட் ஒன்றின் வன்பொருள் வடிவமைப்பை எங்கள் சிறு குழு மேற்கொண்டது. சிப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை விரைவிலேயே முடிந்துவிட்டது. அழைப்புகளுக்கான எம்எஸ்பிசி, பாடல்களுக்கான எஸ்பிசி, 2020இல் அறிவிக்கப்பட்ட, ப்ளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்இ ஆடியோவின் எல்சி3 ஆகிய ஒலிச் சுருக்க முறைகளைக் கையாளும் சிப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆன்டெனா, பேட்டரி, மைக், ஸ்பீக்கர் ஆகியவற்றை உள்ளங்கையளவு இடத்தில் எப்படி அமர்த்துவது என்பதில்தான் எங்கள் உழைப்பின் பெரும்பகுதி சென்றது.

ஆன்டெனாவிலிருந்து தொடங்கினோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நீர் நிறைந்த மனிதத் தலை பெருமளவு உறிஞ்சிவிடும். பேட்டரியின் உலோக உறை அருகில் இருந்தாலும் ஆன்டெனாவின் திறன் குறையும். ஆகவே காதை மூடும் வலப்பக்கக் கிண்ணத்தின் வெளிவிளிம்பில், காதிலிருந்து இயன்றவரை தள்ளி ஆன்டெனாவை வைத்து, பேட்டரியை இடப்பக்கக் கிண்ணத்துக்கு மாற்றினோம். எடையும் இருபுறமும் சமமாகப் பிரிந்தது. மேசைமேல் வைத்துச் சரிசெய்த ஆன்டெனாவின் ஒத்ததிர்வு (அது சிறப்பாக இயங்கும் அதிர்வெண்), தலையில் அணிந்ததும் கீழ்நோக்கி நகர்ந்துவிடுவதால், அணிந்த நிலையிலேயே அளந்து ஆன்டெனாவைச் சிப்போடு இசைவிக்கும் பொருத்தச் சுற்றின் மதிப்புகளை முடிவு செய்தோம். அறைக்குள் சோதிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் குறையை மறைத்துவிடும். கைப்பேசியைக் கால்சட்டையின் இடது பின்பையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்து பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

முதல் மின்சுற்றுப் பலகையில் (போர்டில்) பாட்டு தெளிவாகக் கேட்டது. அழைப்பில் பேசியபோதோ மறுமுனையில் இருந்தவருக்கு ஓர் உறுமல் கேட்டது. மைக்கின் ஒலியைப் பதிவுசெய்து அதில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று பார்த்தோம்: 133 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கூர்மையான முகடுகள் எழுந்திருந்தன. அந்த எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. எம்எஸ்பிசி அழைப்பில் 7.5 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒலித்தொகுப்பு அனுப்பப்படுகிறது, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 133 முறை. ஒவ்வொரு முறையும், ப்ளூடூத் அலைகளை அனுப்பும் ரேடியோ பகுதி பேட்டரியிலிருந்து ஒரு மின்னோட்டத் துடிப்பை இழுக்கிறது. பேட்டரி எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் அத்துடிப்பு தலைப்பட்டையின் வழியே நீண்ட கம்பிகளில் வந்து, மைக்கின் கிரவுண்ட் (மின்னோட்டம் திரும்பும்) பாதையையும் பகிர்ந்துகொண்டு திரும்பியது.

பேட்டரியை மீண்டும் வலப்பக்கம் கொண்டுவந்தால் உறுமல் குறையும்; ஆனால் ஆன்டெனா கெடும். அந்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை. மாறாக, நேர்மின் கம்பியையும் திரும்புகம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி அனுப்பினோம். ரேடியோவின் காலடியிலேயே மின்னேற்றத்தைச் சேமிக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை வைத்துத் துடிப்புக்கு வேண்டிய மின்னோட்டம் அங்கேயே கிடைக்கச் செய்தோம். மைக்குக்கு மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் தனி ரெகுலேட்டர் கொடுத்து, அதன் கிரவுண்டை ஒலிச் சிப்பின் அருகே ஒரே புள்ளியில் மட்டும் இணைத்தோம். ரேடியோ அலை மைக்கின் உள்ளே புகுந்து ஒலியாக மாறுவதைத் தடுக்க, அதன் முனைகளில் 10 பிகோஃபாரட் கெப்பாசிட்டரையும் சேர்த்தோம். அடுத்த போர்டில் முகடுகள் பின்னணி இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டன.

வழக்கமான லித்தியம் பாலிமர் பேட்டரியை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. 45 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சார்ஜ் செய்வதும் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. சென்னையின் மே மாதத்தில், வெயிலில் நிற்கும் காருக்குள் கிடக்கும் ஹெட்செட் அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். எனவே வெப்ப உணரி போர்டில் இருப்பதால் பயனில்லை, பேட்டரியைத் தொட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதற்காகத் தலைப்பட்டையில் இன்னொரு கம்பி போனது. வெளியே தெரியும் சார்ஜ் முனைகள் வியர்வை பட்டு அரிக்கும் என்பதால் யூஎஸ்பி-சி துளையைத் தேர்ந்தெடுத்தோம்.

இந்தியாவில் ப்ளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் வேண்டியதில்லை எனினும், கருவியை விற்பனைக்குக் கொண்டுவரும் முன் ரேடியோ அலைவரிசைகளை நிர்வகிக்கும் அரசுப் பிரிவான டபிள்யூபிசியின் இடிஏ என்னும் கருவி ஒப்புதல் சான்று பெற வேண்டும். சோதனைக்கூட அறிக்கை நாங்கள் அனுப்பிய ஆன்டெனாவுக்கும் உறைக்குமே பொருந்தும். அதனால் பளபளப்பான வெள்ளி நிறத்தில் ஒரு வகை வேண்டும் என்று விற்பனைப் பிரிவினர் பின்னர் கேட்டபோது, உலோகத் துகள் கலந்த பூச்சு ஆன்டெனாவின் மேல் படவே கூடாது என்று எழுத்துமூலம் தெரிவித்து, உலோகம் கலவாத சாம்பல் நிறத்தைப் பரிந்துரைத்தோம்.