காலிக் குழாயிலும் கோடு

முதல் அடி ஒப்புதல் படிவத்தில் விழுந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காக, கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊர்களில் 40 பேரிடம் மலம் வாங்க வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கு நான் கொடுத்த படிவத்தில் ‘நுண்ணுயிர்த் தொகுதியின் மரபணு வரிசைப்படுத்தல்’ என்று இருந்தது. யாருக்குப் புரியும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி என்று அமுச்சியை (அம்மாவின் அம்மா) உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். அவருக்குப் புரியாத வரியையெல்லாம் அடித்துவிட்டு, ‘வயிற்றில் இருக்கும் கிருமிகளில் நல்லதும் உண்டு, என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கப் போகிறோம்’ என்று எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அனுமதி கிடைத்தது.

“ஏங்கண்ணு, இத்தனை படிச்சுப்போட்டு இதையா வாங்கீட்டுப் போறே?” என்றார் முதல் வீட்டு ஆத்தா. ஆனாலும் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. “மருந்தே தொடறதில்லீங்க” என்பார்கள். சளிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. அப்புறம் வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். ஏழு பேரை விட்டுவிட வேண்டியதாயிற்று. மலத்தின் பதத்தைக் குறிக்க ஏழு படங்கள் கொண்ட பிரிஸ்டல் அட்டை உண்டு. முதல் படத்துக்கு ‘ஆட்டுப் புழுக்கை’ என்று நான் சொன்ன பிறகு யாரும் கூச்சப்படவில்லை.

பெரிய தலைவலி சூடுதான். டப்பாவுக்குள் போன பிறகும் சில கிருமிகள் பெருகும், சில சாகும். வெயிலில் கிடந்தால் குடலில் இருந்த விகிதமே மாறிவிடும். டி.என்.ஏ.வைக் காக்கும் கரைசல் ஊற்றிய டப்பா சாதாரண வெப்பத்திலும் நாள்கணக்கில் தாங்கும். ஆனால் விலை அதிகம். காசை மிச்சம் பிடிக்க, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்தேன். ஒரு நாள் கோவை பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. ஆய்வகத்தின் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை எட்டும்போது பெட்டியில் வெறும் தண்ணீர். அந்த ஆறு மாதிரிகளையும் கொட்டிவிட்டுக் கரைசல் வாங்கினேன். பாதி ஐஸில், பாதி கரைசலில் என்று கலந்தால் ஒப்பிட முடியாது. அதனால் ஏற்கெனவே கொடுத்தவர்கள் வீட்டு வாசலிலேயே மறுபடி போய் நின்றேன். ஆத்தா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

டி.என்.ஏ. பிரிக்கும்போது நுண்ணிய மணிகளோடு சேர்த்து வேகமாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் தடித்த சுவர் கொண்ட பாக்டீரியாக்கள் உடையாமல், கணக்கில் குறைந்துபோகும். வெளியிலிருந்து ஏதாவது கலந்தால் காட்டிக்கொடுக்க, மலமே போடாத ஒரு காலிக் குழாயையும் கூடவே எல்லாப் படிகளிலும் கொண்டுபோனேன். எல்லா பாக்டீரியாவிலும் இருப்பது 16எஸ் மரபணு. அதன் ஒரு பகுதியை பி.சி.ஆர். முறையில் பல மடங்காகப் பெருக்கி ஜெல்லில் ஓட்டினால், டி.என்.ஏ. இருக்கும் இடத்தில் கோடு தெரியும். பார்த்தால், காலிக் குழாயிலும் கோடு! என் வயிறு கலங்கியது. டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டில் உள்ள ரசாயனங்களிலேயே கொஞ்சம் பாக்டீரியா டி.என்.ஏ. இருப்பதுண்டு, ஆனால் இது நல்ல தடித்த கோடு. புதுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தபோது மங்கிவிட்டது.

அது எந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. என்று தெரிய, அந்த மங்கலையும் மற்றவற்றோடு வரிசைப்படுத்த அனுப்பலாம் என்றேன். “காலிக் குழாய்க்கும் காசா?” என்றார் வழிகாட்டி. இரண்டு நாள் வாதாடி அனுப்பவைத்தேன். காலிக் குழாய்க்கு வந்த பட்டியலில் ரால்ஸ்டோனியா, கியூட்டிபாக்டீரியம் என்ற இரண்டு பாக்டீரியாக்கள் இருந்தன. முதலாவது தண்ணீரில் வாழ்வது. இரண்டாவது மனிதத் தோலில் இருப்பது, அனேகமாக என்னுடையது.