அம்மா சொத்தைப் பிரித்து எழுதும் முன்

அப்பா உயில் எழுதாமல் காலமானால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீடு முழுவதும் அம்மாவுக்கு வந்துவிடாது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய், எல்லோருக்கும் சமபங்கு. முன்பே இறந்த மகனின் பங்கு அவன் மனைவி, பிள்ளைகளுக்கு. அம்மா எழுதித் தரக்கூடியது தன் பங்கை மட்டுமே. பலர் பாட்டியை மறந்துவிடுகிறார்கள். அப்பாவுக்குப் பின் பாட்டி இறந்திருந்தால், அவர் பங்கில் அத்தை, சித்தப்பாக்களுக்கும் உரிமை உண்டு. அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதித் தராவிட்டால் பின்னால் விற்கும்போது சிக்கும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் கட்டாயம். பங்கு பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். அம்மா எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதித் தரும் பத்திரம், அப்படியல்ல; பதிந்தால் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. அதனால் இரண்டு வரிகளை விடவே கூடாது: வீட்டில் அம்மாவுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை, பெறுபவர் அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பராமரிக்காவிட்டால் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கோர, அந்த நிபந்தனைதான் பிடிமானம். ‘பெற்ற பிள்ளைதானே’ என்று அதை விட்டுவிடும் தாய்மார்கள்தான் பிறகு அலைகிறார்கள். பதிந்ததும் பட்டா, மின் இணைப்புப் பெயர் மாற்றத்தையும் பாருங்கள்.