புழுதி விதைப்பும் ஒரு சொல்லும்

போன புரட்டாசிக் கடைசியில் முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற எங்கள் மானாவாரி வயலில் புழுதி விதைப்புச் செய்தோம், மழையை நம்பிக் காய்ந்த மண்ணிலேயே விதைக்கிறது. நாலாம் நாள் பின்னேரம் மழை. எங்கள் வரம்போடு நின்றுவிட்டது. அரைக் கட்டை, அதாவது அரை மைல் தள்ளி, அதே கிழமை, அதே நெல்லை விதைத்த அண்ணையின் வயலில் ஒரு துளி விழவில்லை. குருவி தின்றது போக மிச்சமும் வெயிலில் கருகி, அவர் திருப்பி விதைக்க வேண்டி வந்தது. என்னிடம் மிஞ்சியிருந்த இரண்டு புசல் விதைநெல்லைக் கொடுத்தேன். வாங்கும்போது சொன்னார், "உனக்கு அதிர்ஷ்டம் தம்பி."

அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. அதிர்வோடு சம்பந்தப்பட்ட சொல் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். இல்லை. வடமொழியில் திருஷ்டம் என்றால் காணப்பட்டது, முன்னால் 'அ' சேர்ந்தால் காணப்படாதது. நாவூறு கழிக்கும்போது சொல்கிற திருஷ்டியும் இதே வேர்தான். ஆக, சொல்லுக்குள் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, கண்ணுக்குத் தெரியாதது என்பது மட்டும்தான். மானாவாரிக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு என்ன இருக்கிறது?

பாக்கியம் வேறு மாதிரி. அதன் வேரில் இருப்பது பங்கு. கிளிநொச்சி இரணைமடுவில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. பேறு என்பது பெறுவதிலிருந்து வந்தது, அது நேரடியாகவே விளங்கும்.

ஆனால் எனக்குப் பிடித்தது விதியைச் சொல்கிற ஊழ். ஊழ்த்தல் என்றால் முதிர்தல், மலர்தல். 650ஆம் குறளில் கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூவை 'இணர்ஊழ்த்தும் நாறா மலர்' என்கிறார் வள்ளுவர். அதே வள்ளுவர் 371இல், பொருள் சேர வைப்பதை ஆகூழ் என்றும் தொலைய வைப்பதைப் போகூழ் என்றும் சொல்கிறார். இரண்டு பக்கமும் ஊழ்தான். நெல் முற்றுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, விதியும் இப்படி உள்ளுக்குள் முற்றிக்கொண்டிருக்கிற ஒன்று என்று நினைப்பது கஷ்டமில்லை.

கார்த்திகையில் எங்கள் பள்ளக் காணி ஒரு கிழமை வெள்ளத்துக்குள் கிடந்து அழுகியது. அண்ணையின் பிந்திய பயிர் மேட்டில் தப்பி நின்றது. போய்ப் பார்த்தேன். "உன்ர விதைதான் தம்பி," என்று ஒரு கதிரைப் பிடித்துக் காட்டினார்.